மட்டையின் முகமும் பந்தின் வழியும்
மலைநாட்டுக் கொல்ப் ஆட்டத்தை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலே, பீதுருதாலகால மலையின் அடியில் அமைந்த நுவரெலியா நகரைக் காணச் செல்வோர் ஆங்கு இருவேறு பசுமைகளை ஒருங்கே காண்பர். சுற்றியுள்ள சரிவுகளில் நிரைநிரையாகப் படர்ந்து கிடப்பது தேயிலையின் பசுமை. நகரின் நடுவே, நெடுமரங்களின் இடையே நீண்டு வளைந்து கிடப்பது கொல்ப் ஆட்டத்திற்கென வெட்டிச் சீர்செய்யப்பட்ட புல்லின் பசுமை. முன்னையது உழைப்பின் களம். பின்னையது ஓய்வின் களம். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே, ஒரே குடியேற்ற ஆட்சியின் நிழலிலே, இம்மலையில் வேர்கொண்டவை.

இவ்வாட்டத்தின் இயல்பு எளிதில் விளங்கத்தக்கது. சிறிய பந்தொன்றைத் தொடக்க மேடையில் வைத்து, நெடுந்தொலைவில் உள்ள குழியிலே மிகக் குறைந்த அடிகளில் இடுதல் வேண்டும். நுவரெலியாவில் அத்தகைய குழிகள் பதினெட்டு உள. நெடிய வழியுடைய குழிகளுக்கு முதலடி அடிக்கப்படுவது ‘டிரைவர்’ எனும் மட்டையினால். மட்டைகள் யாவற்றுள்ளும் தண்டு நீண்டதும் தலை பெரியதும் இதுவே. பந்தை நெடுந்தூரம் செலுத்துவது இதன் தொழிலாயினும், ஆட்டக்காரனை மிகுதியும் ஏமாற்றுவதும் இதுவே. நேரே புறப்பட்ட பந்து பாதிவழியில் வலப்புறம் வளைந்து மரங்களுள் மறைகின்றது; மற்றொருகால் இடப்புறம் சாய்ந்து நீரோடையில் விழுகின்றது. அடித்தவன் தன் கையை நோகின்றான். பார்த்தவர் அவன் பயிற்சியைப் பழிக்கின்றனர்.

பந்து ஏன் வளைகின்றது? இவ்வினாவிற்கு விடை காண ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட காலம் சென்றது. விடையின் ஒரு பாதி காற்றிலும், மறுபாதி மட்டைத் தலையின் வடிவிலும் ஒளிந்திருந்தது. அதனை வெளிக்கொணர்ந்தவர்களுட் பேராசிரியரும் உளர், தச்சரும் உளர், ஆட்டக்காரர் எறிந்த பந்தைப் பொறுக்கி ஆடிய பெயரறியாச் சிறுவரும் உளர். மலைநாட்டில் இவ்வாட்டம் தொடங்கிய காலம் இத்தேடலின் திருப்புமுனையோடு ஒன்றி நிற்றலால், இவ்வூரின் புற்றரையை முன்னிட்டு அவ்வரலாற்றை நோக்குதல் பொருத்தமுடைத்து.

மலைநாட்டிற் குடியேறிய ஆட்டம்

கொல்ப் ஸ்கொத்லாந்திலே உருப்பெற்ற ஆட்டம். பிரித்தானியத் தீவுகளுக்குப் புறத்தே நிலைபெற்ற கழகங்களுள் மிகப் பழையது 1829இற் கல்கத்தாவில் அமைந்தது. இலங்கையில் 1879இற் கொழும்பிலே ஒரு கழகம் தோன்றிற்று. அதன் உறுப்பினர் முதலில் ஆடிய இடம் காலிமுகத்திடல். பின்னர் 1896இல் அக்கழகம் பொரளைப் பக்கத்து மாதிரிப் பண்ணை நிலத்திற்குப் பெயர்ந்து, அக்கால ஆளுநர் சேர் வெஸ்ற் றிட்ஜ்வேயின் பெயரை அப்புற்றரைக்குச் சூட்டியது. 1928இல் ‘றோயல்’ எனும் அரச பட்டத்தையும் அது பெற்றது.

மலைநாட்டிற்கு ஆட்டம் வந்த வழி தேயிலையின் வழியே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் எனும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைப் பற்றிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பி மடிந்து தேயிலை எழுந்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. தனித்தனி மலைகளில் ஒதுங்கியிருந்த தோட்டத்துரைமார் ஒன்றுகூடுதல் அதனால் எளிதாயிற்று. ஹட்டனை அடுத்த டிக்கோயாவில், தரவளையிலே கிரிக்கெற்றும் றக்பியும் ஆடினர். நுவரெலியாவிற் குதிரைப் பந்தயமும் கொல்ப்பும் ஆடினர். நுவரெலியாக் கொல்ப் கழகத்தின் தோற்றம் 1889 எனக் கணக்கிடப்படுகின்றது. கோர்டன் ஹைலண்டர்ஸ் எனும் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் அதற்கு முன்னின்றார் என்பது மரபு. தோட்டத்துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தினர் ஆதலின், ஆட்டம் இங்கு விரைவில் வேரூன்றியது வியப்பன்று.

இம்மலைகளைத் திருத்திய தமிழ்த் தொழிலாளர், தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்தவர்கள். அவர்களுக்கு ஆட்டக்களத்திலே ஆடும் உரிமை இருந்ததில்லை. மட்டைப்பையைச் சுமத்தல், புல் வெட்டுதல், காட்டுள் மறைந்த பந்தைத் தேடுதல் ஆகியனவே உள்ளூரவர்க்கு வாய்த்த பணிகள். பந்து எங்கே வளையும், எங்கே விழும் என்பதை நாள்தோறும் கண்ணாற் கண்டு அறிய வேண்டியவர் பந்தைத் தேடுவோரே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இறகுப் பந்தும் மரப்பாற் பந்தும்

பழைய டிரைவர் மட்டையின் தலை ஒடுங்கி நீண்ட மரத்துண்டு. முள்மரம், ஆப்பிள், பீச் முதலிய மரங்களாற் செய்து, தண்டோடு சாய்வாக ஒட்டி நூலாற் சுற்றுவர். அதன் முகம் தட்டையானது. அதனால் அடிக்கப்பட்ட பந்தோ தோலுறையுள் அவித்த இறகுகளைத் திணித்துத் தைத்தது. அது விலை மிக்கது. மழையில் நனைந்தால் உருக்குலைவது.

ஏறத்தாழ 1848இல் ‘கட்டாபேர்ச்சா’ எனும் மலாய் நாட்டு மரப்பாலினாற் செய்த பந்து வழக்கிற்கு வந்தது. அதன் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. கீழ்நாட்டிலிருந்து ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகருக்கு அனுப்பப்பட்ட விஷ்ணு சிலை ஒன்று உடையாவண்ணம் இம்மரப்பாற் சீவல்களாற் பொதியப்பட்டிருந்தது என்றும், அச்சீவல்களை வெந்நீரில் உருக்கி உருட்டியே முதற் பந்து செய்யப்பட்டது என்றும் கூறுவர். கதை மெய்யாயினும் ஆகாவிடினும், கீழ்நாட்டு மரப்பால் மேல்நாட்டு ஆட்டத்தை மாற்றியது என்பது மெய்.

புதிய பந்து மலிவானது, வலியது. எனினும் அதில் ஒரு புதிர் இருந்தது. வழவழப்பான புதுப்பந்து சிறிது தூரம் சென்று திடீரெனத் தலைகுப்புற விழுந்தது. பலமுறை அடிபட்டு வடுவும் கீறலும் ஏறிய பழம்பந்தோ நெடுந்தூரம் நிலையாகப் பறந்தது. ஆட்டக்காரர் வெறுத்து எறிந்த பந்துகளை எடுத்து ஆடிய பை சுமக்கும் சிறுவரே இதனை முதலிற் கண்டனர் எனவும் மரபுரை உண்டு. பின்னர்ப் பந்து செய்வோர் சுத்தியலாற் கொத்தி வடுக்களைத் தாமே இட்டு விற்கத் தொடங்கினர். வடு ஏன் உதவுகின்றது என்பதை அப்பொழுது எவரும் அறிந்திலர். காரணம் அறியுமுன்னே காரியம் கைகூடிற்று.

பேராசிரியரும் நாடாவும்

சுழலும் பந்து வளைந்து செல்லும் என்பதை அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். 1672இல் ஐசாக் நியூற்றன் எழுதிய கடிதம் ஒன்றிலே, சாய்ந்த மட்டையால் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைக் குறித்துள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டிலே பெஞ்சமின் றொபின்ஸ் துப்பாக்கிக் குண்டுகளின் வளைவைச் சுழற்சியோடு தொடர்புபடுத்தினார். 1852இல் ஜேர்மனியரான மக்னஸ் இவ்விளைவை ஆய்வுகூடத்திற் காட்டினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1877இல் இரேலிப் பிரபு டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பறப்புப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

கொல்ப் பந்திற்கு இக்கருத்தைப் பொருத்தி அளந்து காட்டியவர் எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் கத்ரி டெய்ட் ஆவர். 1890ஆம் ஆண்டு தொடங்கி அவர் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் அடிக்கல்லாயின. சுழற்சியற்ற பந்து வானில் நிற்கவேண்டிய நேரத்தை அவர் கணித்தார். மெய்யான பந்தோ அதனினும் நெடுநேரம் வானில் நின்றது. ஆகவே, பந்தைக் கீழிருந்து தாங்கும் விசை ஒன்று உண்டென உய்த்துணர்ந்தார். அவ்விசை பந்தின் பின்சுழற்சியால், அதாவது பந்தின் மேற்பக்கம் அடித்தவனை நோக்கித் திரும்பும் சுழற்சியால், உண்டாவது என்பது அவர் முடிபு.

அச்சுழற்சியை அளக்க அவர் கையாண்ட முறை பெரிதும் எளியது. மெல்லிய நாடா ஒன்றின் ஒரு முனையைப் பந்திலும் மறுமுனையை நிலத்திலும் பிணைத்து, பந்தை அடிப்பித்து, நாடாவில் ஏறிய முறுக்குகளை எண்ணினார். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, ஒரு நாடாத் துண்டினால் இயற்கையின் மறை ஒன்று வெளிப்பட்டது. சுழற்சி யாவும் தீதென இளமையிற் கற்பிக்கப்பட்ட தாம், நெடுந்தூர அடியின் உயிரே பின்சுழற்சி என்பதைக் காலங்கடந்து உணர்ந்ததாக அவரே குறித்துள்ளார். அவர் மைந்தர் பிரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரித்தானியத் தொழில்சாரா வீரர் போட்டியில் வாகை சூடியவர். தந்தை எழுத்தில் ஆராய்ந்ததை மைந்தர் புற்றரையிற் செய்துகாட்டினார். அவ்விளம் வீரர் 1900இல் தென்னாபிரிக்கப் போரிலே மாண்டார்.

1910இல் ஜே. ஜே. தொம்சன் இலண்டன் றோயல் நிறுவகத்தில் கொல்ப் பந்தின் இயக்கம் பற்றி ஆற்றிய சொற்பொழிவு இவ்வறிவைப் பொதுமக்களிடம் சேர்த்தது. இன்றைய விளக்கத்தின் சாரம் இது: சுழலும் பந்து தன்னைச் சூழ்ந்த காற்றை ஒரு பக்கமாகத் திருப்பி விடுகின்றது, அதற்கு எதிரான பக்கம் தான் தள்ளப்படுகின்றது. பின்சுழற்சியுடைய பந்து காற்றைக் கீழே திருப்பித் தான் மேலெழும். சுழற்சியின் அச்சு நிலத்திற்கு இணையாக நின்றாற் பந்து நேரே செல்லும். அவ்வச்சு ஒருபுறம் சாய்ந்தால் மேலெழுப்பும் விசையின் ஒரு கூறு பக்கமாகத் திரும்பிப் பந்து அப்புறம் வளையும். பந்திற்கு உள்ளது ஒரே சுழற்சி. அதன் சாய்வே வளைவு. பந்தின் மேலுள்ள வடுக்கள் அதனை ஒட்டிய காற்றுப்படலத்தைக் கலக்கி, காற்றுப் பின்னும் சிறிது தூரம் பந்தைத் தழுவிச் செல்லச் செய்து, பின்னிழுக்கும் தடையைக் குறைக்கின்றன. பை சுமந்த சிறுவர் கண்டதாகச் சொல்லப்படும் உண்மைக்கு அறிவியல் அளித்த காரணம் இதுவே.

முகம் புடைத்த மட்டை

காற்றின் பங்கு இவ்வாறாக, மட்டையின் பங்கு யாது? நுவரெலியாவில் ஆட்டம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1880களின் நடுப்பகுதியிலே, ஸ்கொத்லாந்தில் ‘பல்ஜர்’ எனும் புதிய டிரைவர் தோன்றிற்று. அதன் முகம் தட்டையன்று. நுனியிலிருந்து குதிவரை வெளிப்புறமாகச் சற்றே புடைத்தது. இதனை முதலிற் செய்தவர் ஹென்றி லாம் என்பாரும், இளைய வில்லி பார்க் என்பாரும் உளர். செய்தவர் எவராயினும், புடைத்த முகம் பந்தைப் புற்றரைக்கு மீட்டுத் தந்தது. ஏன் என்பதை முழுதும் உணர்ந்து அவர்கள் செய்தனர் எனல் அரிது.

அதன் காரணம் பற்சில்லுகளின் இயக்கத்தை ஒத்தது. மரத்தலையின் ஈர்ப்பு மையம் முகத்திற்குப் பின்னே சிறிது ஆழத்தில் உள்ளது. பந்து முகத்தின் நடுவிற் படாது நுனிப்பக்கம் பட்டால், தலை அம்மையத்தைச் சுற்றித் திரும்பும்; வலக்கை ஆட்டக்காரனுக்கு முகம் வலப்புறம் திறக்கும். முகம் ஒருபுறம் நகர, அதனோடு ஒட்டிய பந்து, ஒன்றோடொன்று பொருந்திய இரு பற்சில்லுகளைப் போல, எதிர்த்திசையிற் சுழலும். அச்சுழற்சி பந்தை இடப்புறம் வளைக்கும். முகம் தட்டையாக இருப்பின், நேரே புறப்பட வேண்டிய பந்து வழிதவறி இடப்புறம் சென்றுவிடும். முகம் புடைத்திருப்பினோ, நுனியிற் பட்ட பந்து முதலில் வலப்புறம் நோக்கிப் புறப்பட்டு, பின் அச்சுழற்சியால் நடுவழிக்குத் திரும்பும். குதிப்பக்கம் பட்ட பந்துக்கு இவை யாவும் இடம்வலமாக மாறும். பிழை நேர்ந்தபின் அப்பிழையைக் கொண்டே அதனைத் திருத்தும் வடிவம் இது. இன்றைய டிரைவர்களின் முகமும் ஏறத்தாழ 10 முதல் 12 அங்குலம் வரையான ஆரையுடைய வளைவாகவே செய்யப்படுகின்றது.

மேலிருந்து கீழாகவும் முகத்திற்கு ஒரு வளைவு உண்டு. பந்து ஈர்ப்பு மையத்திற்கு மேலே பட்டால் தலை பின்சாயும். பற்சில்லு விளைவாற் பந்தின் பின்சுழற்சி குறையும். கீழே பட்டாற் பின்சுழற்சி மிகும். பந்து எழுந்து நின்று முன்னேறாது விழும். இரும்பு மட்டைகளின் தகடுபோன்ற தலையில் ஈர்ப்பு மையம் முகத்தை ஒட்டியே இருத்தலால், இவ்விளைவு அவற்றில் மிகச் சிறிது. தலை ஆழமான டிரைவருக்கே இது சிறப்பாக உரியது.

ஏறத்தாழ 1900ஆம் ஆண்டளவில் மட்டைத் தலைக்கு ‘பேர்சிமன்’ எனும் அமெரிக்க மரம் பெருவழக்காயிற்று. இலங்கைக் காடுகளின் கருங்காலியும், வலைக்குச் சாயமிடும் பனிச்சையும் எவ்வினத்தைச் சேர்ந்தனவோ அவ்வினத்தைச் சேர்ந்ததே அதுவும். வன்மையும் நுண்ணிய இழையமைப்பும் அதன் சிறப்பு. தண்டு ‘ஹிக்கரி’ எனும் மரத்தாலானது. அம்மரத்தண்டு வளைவதோடு முறுகவும் செய்யும்; வேகமாக வீசும்போது முறுகிய தண்டு முகத்தின் திசையையும் மாற்றிவிடும். உருக்குத் தண்டு முறுகுதல் குறைவு. அமெரிக்கக் கொல்ப் சங்கம் 1924இலும், சென் அன்ட்றூஸ் கழகம் 1929இலும் உருக்குத் தண்டை ஏற்றுக்கொண்டன. அதன்பின் முகத்தின் திசை ஆட்டக்காரன் கைக்குள் மேலும் அடங்கிற்று.

இறப்பர் நூலும் தமிழர் உழைப்பும்

மட்டை மாறியதற்கு இணையாகப் பந்தும் மாறிற்று. 1898இல் அமெரிக்கரான கோபேர்ன் ஹஸ்கெல், இறப்பர் நூலை இறுக்கமாகச் சுற்றிய உருண்டையை மரப்பாலால் மூடிய பந்தை ஆக்கினார். 1902இல் சாண்டி ஹேர்ட் அப்பந்தால் ஆடிப் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்றபின், பழைய பந்து வழக்கொழிந்தது. 1905இல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் பந்தின் மேற்பரப்பிற் குழிகள் இடுவதற்கு உரிமம் பெற்றார். அடிபட்ட வடு ஒழுங்கான குழியாக மாறியது அன்றுதொட்டே.

இறப்பர் மரம் இலங்கைக்கு வந்தது 1876இல். பிரேசிலின் விதைகள் இலண்டன் கியூத் தோட்டத்தில் முளைத்து, நாற்றுகளாகக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவிற் சேர்ந்தன. 1910களின் நடுப்பகுதிக்குள் உலகின் இறப்பரில் பெரும்பங்கு இலங்கை, மலாயா முதலிய நாடுகளின் தோட்டங்களினின்றே கிடைத்தது. அத்தோட்டங்களிலே பால் வெட்டியோரில் தமிழர் பெருந்தொகையினர். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் உலகெங்கும் பறந்த கொல்ப் பந்தின் உள்ளே சுற்றப்பட்டிருந்த நூலில் அவர்களுடைய விடியற்கால உழைப்பும் சேர்ந்திருந்தது எனல் மிகையாகாது. பந்தை அடித்தோர் பெயரை ஆட்ட வரலாறு எழுதிவைத்தது. பாலை வெட்டியோர் பெயரை அது கேட்டதில்லை.

மலைக்காற்றின் மெலிவு

நுவரெலியாவிற்கு இவ்வாராய்ச்சியிலே தனியிடம் உண்டு. காரணம் அதன் உயரம். ஆங்கு ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை; காற்றமுக்கமோ கடற்கரையின் ஐந்தில் நான்கு பங்கே. இவ்விரண்டையும் சேர்த்துக் கணிப்பின், ஆங்குள்ள காற்றின் அடர்த்தி கொழும்பின் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது.

பந்தைத் தடுக்கும் விசை, தூக்கும் விசை, பக்கமாக வளைக்கும் விசை ஆகிய மூன்றும் காற்றின் அடர்த்திக்கு ஏற்பவே அமைவன. ஆகவே, ஒரே வேகமும் ஒரே சுழற்சியும் உடைய பந்து, கொழும்பின் றிட்ஜ்வேப் புற்றரையில் 30 யார் வளையுமாயின், நுவரெலியாவில் ஏறத்தாழ 25 யாரே வளையும். தடை குறைதலால் தூரமும் சிறிது மிகும். கொழும்பிற் பழகிய ஆட்டக்காரன் மலையில் ஆடும்போது தன் பிழை தானே குறைந்ததாக எண்ணக்கூடும். குறைந்தது அவன் பிழையன்று, காற்றின் அடர்த்தியே. ஆயினும் தூக்கும் விசையும் குறைவதால் தாழப் புறப்பட்ட பந்து விரைவில் நிலத்தை அடையும். ஆதலின், மெலிந்த காற்றிலே மட்டை முகத்தின் சாய்வு சற்று மிகுந்திருத்தல் நலம். ஒரே மட்டை எல்லா ஊருக்கும் ஒருபடித்தாகப் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும். மலை தந்த இச்சலுகையை அங்குள்ள ஒடுங்கிய பாதைகளும் இருமருங்கும் நெருங்கிய மரங்களும் திருப்பி வாங்கிக்கொள்வது வேறு செய்தி.

உலோகத் தலையும் எல்லை வகுத்த விதியும்

1979இல் கரி அடம்ஸ் எனும் அமெரிக்கர் உருக்காலான உள்ளீடற்ற தலையுடன் டிரைவரை விற்பனைக்குக் கொணர்ந்தார். மரம் உள்ளெங்கும் நிறைந்தது. உலோகத் தலையோ வெறும் ஓடு. டிரைவர்த் தலையின் திணிவு அன்றும் இன்றும் ஏறத்தாழ 200 கிராம். மாறியது அத்திணிவு நிற்கும் இடம். நடுவில் இருந்த திணிவு ஓரங்களுக்குப் பெயர்ந்தபோது தலையின் சடத்துவத் திருப்பம் உயர்ந்தது. நுனியிலோ குதியிலோ பந்து பட்டாலும் தலை முன்போல் எளிதில் திரும்பாது. திரும்பாமையாற் பந்தின் வேகமும் திசையும் பெரிதும் கெடாமல் நிற்கும். 1991இல் கலவே நிறுவனம் ‘பிக் பேர்தா’ எனும் பெரிய தலையை வெளியிட்டது. 1995இல் அதே நிறுவனம் உருக்கினும் இலேசான தைத்தேனியத்தாற் செய்த டிரைவரை வெளியிட்டது. மரக்காலத்தில் 200 கன சென்ரிமீற்றரையும் எட்டாத தலை, சில ஆண்டுகளில் அதன் இருமடங்கிற்கு மேலாயிற்று.

கருவி மனிதனை முந்தும் என்ற அச்சம் அப்பொழுது எழுந்தது. விதி வகுப்போர் 2004 தொடக்கம் தலையின் கனவளவை 460 கன சென்ரிமீற்றருக்குள் அடக்கினர். முகத்தின் மீள்தன்மைக்கு ஏற்கனவே எல்லை வகுக்கப்பட்டிருந்தது. 2006இல் சடத்துவத் திருப்பத்திற்கும் 5,900 கிராம் சதுர சென்ரிமீற்றர் என எல்லை குறித்தனர். கருவி எவ்வளவு மன்னிக்கலாம் என்பதற்கு எண்ணாலே வரம்பு கட்டப்பட்ட விந்தை அது.

இன்றைய சிற்பிகளின் கவனம் ஈர்ப்பு மையத்தை நகர்த்துவதில் உள்ளது. மையம் தாழவும் பின்னேயும் சென்றால் பந்து உயர எழும். தலையும் உறுதியாய் நிற்கும். தாழவும் முன்னேயும் வந்தாற் பின்சுழற்சி குறையும். குதிப்பக்கம் நகர்ந்தால், வலக்கை ஆட்டக்காரனின் பந்து வலப்புறம் வளையும் பழக்கம் தணியும். திருகாணியாற் கழற்றிப் பூட்டத்தக்க எடைத்துண்டுகளால் ஆட்டக்காரன் தானே இம்மையத்தை மாற்றிக்கொள்ளும் மட்டைகளும் 2004 முதல் வழக்கில் உள. தேர்ந்த வீரரின் முதலடியிற் பந்து நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 முறை சுழலும். மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரமோ ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய கணத்திலே பந்தின் ஊழ் முழுதும் எழுதப்பட்டு விடுகின்றது.

அக்கணத்தைப் பற்றி நெடுங்காலம் நிலவிய தவறான கொள்கை ஒன்றும் உண்டு. மட்டை வீசப்பட்ட வழியே பந்து புறப்படும்; முகம் பார்த்த திசைக்குப் பின்னர் வளையும் என்று பயிற்சியாளர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தனர். 1968இல் அலஸ்ரெயர் கொக்ரன், ஜோன் ஸ்ரொப்ஸ் ஆகிய இருவரும் பிரித்தானிய ஆய்வுகளின் முடிபுகளை நூலாக வெளியிட்டபோதே இக்கொள்கை ஆட்டங்கண்டது. 2000களில் ராடர்க் கருவிகள் பந்தின் முழுப் பறப்பையும் அளந்து காட்டியபின் அது வீழ்ந்தது. டிரைவர் அடியிற் பந்து புறப்படும் திசையை ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வகுப்பது மட்டையின் முகமே. முகத்தின் திசையும் வீச்சின் வழியும் வேறுபடும் அளவே சுழற்சி அச்சின் சாய்வை, எனவே வளைவை, வகுக்கின்றது. கண்ணாற் கண்டோம் என்று கூறிய ஆசிரியர்கள், கண்ணுக்கு எட்டாத ஒரு கணத்தைப் பற்றியே கூறினர். மரபு வழிவந்த பாடமும் அளவைக்கு உட்பட்டே ஏற்கப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

முடிபு

நுவரெலியாப் புற்றரையின் வாழ்நாள் இவ்வரலாறு முழுவதையும் கண்டது. அது தோன்றியபோது மரப்பாற் பந்தும், புடைத்த முகம் புதிதாய்ப் பெற்ற மரமட்டையும் வழங்கின. எடின்பரோவில் நாடாவின் முறுக்குகள் எண்ணப்படும் காலமாக அது இருந்தது. இன்று அதே புல்லின்மேல் தைத்தேனியத் தலைகள் வீசப்படுகின்றன. இடையே நாடு 1948இற் சுதந்திரம் அடைந்தது, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, துரைமார் சென்றனர். ஆடுவோருக்கும் சுமப்போருக்கும் இடையே இருந்த சுவரும் முன்போல் நிற்கவில்லை. பை சுமந்தோரிடையிலிருந்தே ஆட்டத்திறன் மிக்கோர் இந்நாட்டில் எழுந்தனர். தங்கராஜா, பிரபாகரன் எனத் தமிழ்ப் பெயர் தாங்கிய இலங்கை வீரர்கள் இந்தியத் தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளில் ஆடியமை இம்மாற்றத்தின் அறிகுறி.

பந்து வளைந்தபோதெல்லாம் அடித்தவனின் கையையே உலகம் பழித்தது. உண்மையிற் கையும் மட்டையும் காற்றும் சேர்ந்தே பந்தின் வழியை வகுத்தன. அவ்வுண்மையை அறிந்த வழியும் பலரைச் சேர்ந்தது. பேராசிரியர் முறுக்கை எண்ணினார். தச்சர் முகத்தைப் புடைப்பித்தார். வடுப்பட்ட பந்தை வீசாது எடுத்து வைத்துக்கொண்டவர் அதன் பறப்பை முதலிற் கண்டார். இவர்களுள் முதலிருவர் பெயர் ஏட்டில் உண்டு. மூன்றாமவர் பெயர் இல்லை. பெயரின்மை அவர் கண்ட உண்மையைச் சிறிதும் குறைப்பதன்று. இன்று விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பந்தின் மேலும் உள்ள நூற்றுக்கணக்கான குழிகள், எறியப்பட்ட பந்து ஒன்றின் வடுக்களினின்று பிறந்தவையே.